சவாரில குதிரை நாக்கைத் தூக்கி பிட்டுக்கு மேல போடுதா? எப்ப போடுதுன்னு வச்சு காரணத்தைப் பிடிக்கிற வழி

சம்பா அறுவடை முடிஞ்சு வயல்ல வெறும் தாள் மட்டும் நிக்கிற மாசி பங்குனிலதான் நம்ம டெல்டா பக்கம் குதிரை வச்சிருக்கவங்க எல்லாரும் நிம்மதியா சவாரிக்கு இறங்குவாங்க, கொள்ளிடம் படுகை, அரசலாத்தங்கரை, வெண்ணாத்தங்கரைன்னு மண் பாதை கிடைக்கிற நேரம் அது. இந்தக் கேள்வியும் அப்பதான் அதிகமா வரும். "அண்ணே, நாக்கைத் தூக்கி கம்பிக்கு மேல போட்டுக்குது, இழுத்தா தலையை ஆட்டுது, நிக்கவே மாட்டேங்குது, என்ன பண்றது?" அதுக்குக் கிடைக்கிற பதில் பெரும்பாலும் மூணுதான். மூக்கு வாரை நல்லா இறுக்கு, நாக்கைத் துணி போட்டுக் கட்டு, இல்லன்னா முள் கடிவாளம் வாங்கிப் போடு. மூணுமே தப்பு. குதிரை திமிர்ல நாக்கைத் தூக்கல, அந்தக் கம்பி அமுக்குற இடத்துல அதுக்கு வலிக்குது, இல்ல மூச்சு முட்டுது, இல்ல பழைய வலி ஞாபகம் இருக்குது, அதுலருந்து தப்பிக்க நாக்கை உள்ள இழுத்து வளைச்சு கம்பிக்கு மேல கொண்டு வருது. வாயைக் கட்டிட்டா தப்பிக்கிற வழி மட்டும்தான் அடைபடும், வலி உள்ளயே இருக்கும், அது நாளைக்கு முன்னங்கால் தூக்குறதாவோ தெறிச்சு ஓடுறதாவோ வெளிய வரும்.

கீழ சொல்றதுல பிட்டுன்னா வாய்க்குள்ள போற கம்பி, கடிவாளம்னா வார் எல்லாம் சேர்ந்த மொத்த செட்டு, மூக்கு வார்னா மூக்கைச் சுத்திக் கட்டுறது, கன்ன வார்னா கன்னத்து வழியா வந்து பிட்டைத் தாங்குறது, வெறும் வார்னு சொன்னா ஓட்டுறவர் கைல பிடிக்கிறது.

வாய்க்குள்ள என்ன நடக்குதுன்னு ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் ஈஸி. குதிரையோட கீழ்த்தாடைல முன்பல்லுக்கும் கடவாய்ப்பல்லுக்கும் நடுவுல பல்லே இல்லாத ஒரு இடைவெளி இருக்கு, பிட் உக்கார்ற இடம் அதுதான். அங்க எலும்பு விளிம்பு கூர்மையா இருக்கும், மேல மூடியிருக்குற ஈறு ரொம்ப மெல்லிசு. நாக்கு கம்பிக்குக் கீழ இருக்குற வரைக்கும் அழுத்தத்துல பெரும்பங்கை அது வாங்கிக்கும். நாக்கு மேல போயிடுச்சுன்னா கம்பி நேரா அந்த எலும்புலயும் நாக்குக்கு அடியில இருக்குற மெல்லிய ஜவ்வுலயும் உக்காரும். அதனாலதான் நாக்கு மேல போன குதிரையை லேசா இழுத்தா கூட அது வெறி பிடிச்ச மாதிரி ஆகுது. நீங்க எப்பவும் இழுக்குற அளவுதான் இழுத்திருப்பீங்க, அதுக்கு அது பல மடங்கு வலி.

நாக்கு மேல இருக்கா இல்லையான்னே தெரியல

மேல உக்காந்திருக்கவங்களுக்குக் கண்ணுல படாது. கைல தெரியும். திடீர்னு வார்ல பிடிமானமே இல்லாத மாதிரி காலியாகும், இல்லன்னா ஒரே இரும்பா கனக்கும், வாய் திறக்கும், தாடை ஒரு பக்கமா கோணும், மூக்கை வானத்துக்குத் தூக்கும். இதுல எது வந்தாலும் கூட இருக்குற ஆளை முன்னாடி வந்து பாக்கச் சொல்லுங்க. கம்பிக்கு மேல ரோஸா சதை தெரிஞ்சா நாக்கு மேல இருக்கு. நாக்கு கம்பிக்கு அடியிலேயே இருந்து ஒரு பக்கமா வெளிய தொங்குனா அது வேற விஷயம், அதைத் தனியா கீழ சொல்றேன்.

இதைவிட நல்ல வழி போன் வீடியோ. முன்னாடிலருந்து ஒண்ணு, ரெண்டு பக்கத்துலருந்தும் ஒவ்வொண்ணு, ஸ்லோ மோஷன்ல எடுங்க, நடை, ட்ராட் (நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவுல வர்ற துள்ளு நடை), ஓட்டம், நிறுத்தம் எல்லாம் அதுல வரணும். நாக்கு எந்த நொடில போகுதுன்னு அதுல பளிச்சுன்னு தெரியும், அதுக்கு ஒரு நொடி முன்னாடி ஓட்டுறவர் கை என்ன பண்ணுச்சுன்னும் தெரியும். இந்த ஒரு நொடியைத்தான் நாம தேடுறோம்.

ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே மேல போயிடுச்சு, இப்ப என்ன பண்ண

இழுக்காதீங்க. ரெண்டு வாரையும் தளர்த்துங்க, குரல் கொடுத்து, உடம்பைப் பின்னாடி கனமா வச்சு, பெரிய வட்டமா திருப்பி நிறுத்துங்க, இறங்குங்க. மூக்கு வார் இருந்தா கழட்டுங்க. கன்ன வாரை ரெண்டு ஓட்டை இறக்கி, உதட்டு மூலைல பல்லில்லாத இடத்துல கட்டைவிரலை விட்டா வாயைத் திறக்கும், பிட்டைக் கொஞ்சம் கீழ இறக்கி நாக்கு தானா சரியான இடத்துக்கு வர விடுங்க, அப்புறம் வாரைப் பழைய ஓட்டைக்கு ஏத்துங்க. நாக்கைப் பிடிச்சு இழுக்குறது, வாயை அடிக்கிறது வேண்டாம். ஆண் குதிரைன்னா அந்த இடைவெளில கோரைப்பல் இருக்கும், விரலை அதுக்குப் பின்னாடி வைங்க.

நாக்கு நீலமாவோ கருஞ்சிவப்பாவோ மாறியிருந்தா அன்னைக்கு சவாரி முடிஞ்சுது, கடிவாளத்தைக் கழட்டிட்டு கழுத்துக் கயித்துல பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போங்க.

கடிவாளமே இல்லாதப்பவும் நாக்கு தொங்குது, எச்சில் ஒழுகுது, முழுங்க முடியல

இதை இந்த லிஸ்ட்லேயே சேர்க்கக் கூடாது, ஆனா சேர்த்தே ஆகணும், ஏன்னா இதை பிட் பிரச்சனைன்னு நினைச்சு வாய்க்குள்ள கையை விடுறவங்க இருக்காங்க. தொண்டைல தீவனம் அடைச்சிருக்கலாம், நாக்குல வெட்டு இருக்கலாம், நரம்புக் கோளாறா இருக்கலாம், வெறிநோயாவும் இருக்கலாம். நம்ம ஊர்ல தெருநாய் லாயத்துக்குள்ள வந்து போறது சாதாரணம், கடிச்சது நமக்குத் தெரியாமலே போயிருக்கும். கையை வாய்க்குள்ள விடாதீங்க, தண்ணி புகட்டாதீங்க, உடனே கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்க. எச்சில் உங்க கைப்புண்ணுல பட்டிருந்தா சோப்புப் போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி பத்திக் கேளுங்க.

வேற எதையும் பாக்குறதுக்கு முன்னாடி பிட்டைக் கழட்டி கைல எடுங்க

கம்பி முழுக்க விரலால தடவிப் பாருங்க. முள்ளோ, குமிழோ, பல்லு பல்லா கூரோ இருந்தா மேற்கொண்டு ஆராய்ச்சியே வேண்டாம், காரணம் உங்க கைலயே இருக்கு. முள் வச்ச பிட்டை 1965ல வந்த வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள்லயே தடை பண்ணியாச்சு, 8வது விதி, அதுல சவாரிக்கும் சேர்த்துதான் சொல்லியிருக்கு. இன்னமும் கடைல தொங்குது, இன்னமும் "அடங்காத குதிரைக்கு இதுதான் மருந்து"ன்னு விக்கிறாங்க. அந்த முள்ளு நாக்கைக் கிழிச்சா அது நாக்கை எங்கதான் கொண்டு போகும்? அந்தப் பிட்டைப் போட்டு ஓட்டுற ஒவ்வொரு நாளும் நாக்கைத் தூக்குற பழக்கத்தை நாமளே சொல்லிக் கொடுக்குறோம். மனசு வலிச்சு சொல்றேன், யார் வீட்டுல இருந்தாலும் தூக்கிப் போடுங்க, அடுத்த ஆளுக்கு விக்காதீங்க.

முள்ளு இல்லன்னா அடுத்தது துரு. நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி பக்கம் உப்புக் காத்துல சாதா இரும்பு பிட் மழைக்காலம் தாண்டாது, கம்பி மடங்குற மூட்டுல துரு பொரிஞ்சு உதட்டையும் நாக்கையும் அறுக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்க. மூட்டு தேஞ்சு ஆடுச்சுன்னா அந்த சந்துல நாக்குத் தோல் மாட்டிக் கிள்ளும், அதுவும் மாத்த வேண்டியதுதான். சித்திரை வெயில்ல வெளிய தொங்கவிட்ட பிட்டை அப்படியே மாட்டாதீங்க, முதல்ல உங்க முழங்கைக்கு உள்பக்கம் வச்சுப் பாருங்க, சுட்டா தண்ணில முக்கிட்டு மாட்டுங்க.

நடக்கும்போது ஒண்ணும் இல்ல, வாரைச் சேர்த்துப் பிடிச்ச உடனே நாக்கு மேல போகுது

நான் பாத்த வரைக்கும் இந்த வகைதான் அதிகம், பெரும்பாலும் பிட் அளவுதான் காரணம். நம்ம பக்கம் இருக்குறதுல மார்வாரி, கத்தியவாரி, நாட்டு மட்டக்குதிரை, இதெல்லாம் கலந்ததுன்னு எல்லாம் இருக்கும், இதுங்களுக்கு மூஞ்சி ஒடுக்கம், ஆனா ஆன்லைன்ல வர்ற பிட் எல்லாம் பெரிய வெளிநாட்டுக் குதிரைக்கு ஏத்த மாதிரி 5 இஞ்ச், 5.25 இஞ்ச். நிறைய மட்டத்துக்கு 4.5 இஞ்சே தாராளம். அகலம் ஜாஸ்தியான பிட்ல நடு மூட்டு கீழ தொங்கும், குதிரைக்கு நாக்கை இழுத்து மேல போட இடமே நாம ரெடி பண்ணிக் கொடுத்த மாதிரி ஆகுது.

அளக்குறது சுலபம். மழமழன்னு இருக்குற ஒரு கரண்டிக் காம்பு, இல்லன்னா நல்ல தடிமனான பருத்திக் கயிறு எடுத்து, பிட் உக்கார்ற இடத்துல வாய்க்குக் குறுக்க விட்டு, ரெண்டு பக்கமும் உதடு முடியிற இடத்துல சாக்பீஸ்ல அடையாளம் வைங்க. அந்த அளவோட பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர், மொத்தம் ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்குங்க. பிட்டை மாட்டி நேரா பிடிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் உதட்டுக்கும் வளையத்துக்கும் நடுவுல அவ்வளவுதான் சந்து தெரியணும்.

உயரம் அடுத்தது. உதட்டு மூலைல ஒண்ணு ரெண்டு மடிப்பு வரணும்னு சொல்றது ஆரம்பக் கணக்குக்கு சரி, ஆனா சதைப்பிடிப்பான உதட்டுல மடிப்பு சீக்கிரமே வந்துடும், பிட் தாழ்வாதான் கிடக்கும். அதனால உதட்டை விலக்கி உள்ள பாருங்க, கம்பி கோரைப்பல்லைத் தொடுதா, முன்பல்லுக்குக் கிட்டத்துல வருதா? தாழ்வா கிடந்தா ஒரு ஓட்டை ஏத்துங்க, ஒரே ஒரு ஓட்டை. ரெண்டு மூணு ஓட்டை ஏத்தி உதட்டைச் சிரிக்க வைக்கிற அளவுக்கு இழுத்துடாதீங்க, அதுல உதட்டு மூலை புண்ணாகும், வாரைத் தளர்த்துனா கூட அழுத்தம் குறையாது, அப்ப குதிரைக்கு "சரியா செஞ்சேன்"னு தெரியிற நொடியே இல்லாம போயிடும்.

தடிமன் விஷயத்துல பெரிய தப்பு நடக்குது. தடிச்ச பிட் மென்மையானதுன்னு எல்லாரும் நம்புறாங்க. வாயை மூடுன குதிரைக்கு உள்ள காலி இடமே கிடையாது, நாக்கு முழுசா அடைச்சுக்கிட்டு இருக்கும். சின்ன வாய், தடிச்ச நாக்கு, மேல் அண்ணம் தாழ்வு, இதுல 20 மில்லிமீட்டர் கம்பியை விட்டா எங்க போகும்? நம்ம சைஸ் குதிரைங்களுக்கு 14லருந்து 16 மில்லிமீட்டர் பெரும்பாலும் ஒத்துவரும். ஒத்தை மூட்டு பிட்டை இழுக்கும்போது நடு மூட்டு முன்னாடி மேல எகிறி அண்ணத்துல முட்டுறதும் உண்டு, ரெண்டு பக்கமும் நாக்கைக் கிட்டிக்கிறதும் உண்டு. அப்படி இருந்தா நடுவுல உருண்டையா ஒரு சின்னக் கண்ணி வச்ச ரெட்டை மூட்டு பிட்டோ, மூட்டே இல்லாம லேசா வளைஞ்ச பிட்டோ போட்டுப் பாருங்க. நாக்குக்கு இடம் விட்டு நடுவுல வளைவு வச்ச பிட் சில குதிரைக்கு அருமையா வேலை செய்யும், வளைவு சின்னதா அகலமா இருக்கணும், உயரமா இருந்தா அண்ணத்துல குத்தும். ஒரு பிட்டை மாத்துனா கொஞ்ச நாள் அதுலயே விட்டுப் பாருங்க, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு மாத்துனா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது.

மூக்கு வாரையும் இதோடயே பாத்துடுங்க. மூக்கு எலும்புக்கு மேல, நேர் நடுவுல, ரெண்டு விரல் தாராளமா போகணும், பக்கவாட்டு சதைல விட்டுப் பாத்துட்டு போகுதுன்னு சொல்லக் கூடாது. சர்வதேசப் போட்டிகள்ல 2025லருந்து இதுக்குன்னே ஒரு அளவுகோல் வச்சு மூக்கு வாரைச் சோதிக்கிறாங்க, நாக்கைக் கட்டுறதுக்கும் அங்க அனுமதி கிடையாது.

ரொம்ப நாளா நல்லா இருந்த குதிரை, திடீர்னு இப்ப ஆரம்பிச்சிருக்கு

பிட் அதேதான், ஆள் அதே ஆள்தான், குதிரை மட்டும் மாறிடுச்சுன்னா வாய்க்குள்ள பாருங்க. கெட்டுப் போச்சுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி பாருங்க.

குதிரைப் பல் ஆயுசு முழுக்க வெளிய வந்துக்கிட்டே இருக்கும், வருஷத்துக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர், மெல்லும்போது அதே அளவு தேயணும். மேல்தாடை கீழ்த்தாடையை விட அகலம், அதனால மேல் கடவாய்ப்பல்லுக்கு வெளி விளிம்பும் கீழ் கடவாய்ப்பல்லுக்கு உள் விளிம்பும் தேயாம கூராயிடும். நாள் முழுக்க மேயிற குதிரைக்குத் தாடை அகலமா அரைச்சு அது ஓரளவு தேயும், லாயத்துல கட்டிப் போட்டு கொள்ளும் தவிடுமா கொடுத்தா அந்த அரைப்பு குறைஞ்சு கூர் சீக்கிரம் வரும். கீழ்ப்பல்லோட உள் விளிம்பு உரசுறது நேரா நாக்குலதான்.

திருவையாறு பக்கம் ஒரு அண்ணன் வச்சிருந்த மார்வாரிப் பொட்டைக்கு இதேதான் நடந்துச்சு. வித விதமா பிட் வாங்கி லாயத்துச் சுவத்துல வரிசையா மாட்டி வச்சிருந்தாரு, எதுவும் கேக்கல. டாக்டர் வந்து மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து நிறுத்துற கருவியை மாட்டி, தலைல டார்ச்சைக் கட்டிக்கிட்டு உள்ள பாத்தாரு, அப்புறம் அண்ணனைக் கூப்பிட்டு "தம்பி, நாக்கை நான் பிடிச்சுக்கிறேன், இந்தப் பல்லு ஓரத்துல மெதுவா விரலை வச்சுப் பாருங்க"ன்னாரு. கருக்கரிவாள் மாதிரி இருந்துச்சு. நாக்கோட எடது ஓரத்துல நகக்கண் அளவுக்கு வெள்ளையா ஒரு புண்ணு, அதுக்குப் பின்னாடி ஆறிப்போன பழைய தழும்பு வரிசையா. பிட் நாக்கைப் பக்கவாட்டுல தள்ளுற ஒவ்வொரு தடவையும் அந்தப் புண்ணு அந்த விளிம்புல போய் உரசியிருக்கு. அரம் போட்டு விளிம்பை மழுக்கிட்டு, புண்ணு ஆறுற வரைக்கும் பிட்டே போடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. அப்புறம் முதல்ல போட்ட அதே பழைய பிட்லதான் அந்தக் குதிரை இன்னைக்கும் ஓடுது.

அதனால வருஷத்துக்கு ஒரு தடவை பல் சோதனை கட்டாயம். சாப்பிடும்போது அரைச்ச புல்லை உருண்டையாத் துப்புதா, தலையைச் சாய்ச்சு மெல்லுதா, சாணில முழுக் கொள்ளு வருதா, வாய் நாறுதா, இதெல்லாம் முன்னாடியே தெரியிற அறிகுறிங்க. குதிரைப் பல்லுக்கு அரம் போடுற அனுபவம் எல்லா ஊர் டாக்டருக்கும் இருக்காது, நம்ம பக்கம் மாடு ஆடுதான் அவங்களுக்கு அன்றாட வேலை, அதுல அவங்க மேல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, முன்கூட்டியே கேட்டுட்டு கூட்டிட்டுப் போங்க. மயக்க ஊசி இல்லாம, கருவி இல்லாம, தெரிஞ்சவர்னு ஒருத்தர் அரத்தைத் தூக்கிட்டு வந்தா விடாதீங்க.

பல் சரியா இருந்தா, குத்துன பொருள் ஏதாவது இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. கதிர் சுணை, காஞ்ச புல்லோட கூர் நுனி, நாயுருவி விதை, வைக்கோல்ல வந்த முள்ளு, இதெல்லாம் நாக்குக்கு அடியிலயும் ஈறு ஓரத்துலயும் ஏறி உக்காந்துக்கும். அறுவடை மிஷின் வைக்கோல்ல என்னென்னமோ சேர்ந்து வரும், உதறிப் போடுங்க. வாய்ல ஒண்ணுமே இல்லன்னா முதுகு, சேணம், பின்னங்காலையும் சோதிக்கணும், முதுகு வலிக்கிற குதிரையும் வாயைத் திறந்து நாக்கை இழுக்கும்.

ரெண்டரைலருந்து அஞ்சு வயசுக்குள்ள இருக்குற குதிரை

இந்த வயசுல வாய் முழுக்க வேலை நடந்துக்கிட்டு இருக்கும். பால் பல்லுல முன்பல் ஜோடி ஜோடியா ரெண்டரை, மூணரை, நாலரை வயசுவாக்குல விழும், முன் கடவாய்ப் பால் பல்லும் இதே காலத்துலதான் விழும், ஆண் குதிரைக்கு நாலு அஞ்சு வயசுல கோரைப்பல் ஈறைக் கிழிச்சுக்கிட்டு வரும். பாதி கழண்டு ஆடுற பல்லுக்குப் பக்கத்துல இரும்பைத் தொங்கவிட்டா யாருக்குத்தான் பொறுக்கும்? இது போக கடவாய்ப்பல்லுக்கு முன்னாடி சின்னதா ஒரு பல்லு சில குதிரைக்கு இருக்கும், டாக்டருங்க வுல்ஃப் டூத்னு சொல்லுவாங்க, பெரும்பாலும் மேல்தாடைல இருக்கும். பிட் அதுல இடிக்குதுன்னா எடுத்துடுவாங்க, சின்ன வேலைதான்.

சந்தைல வாங்கிட்டு வரும்போதே வாயைத் திறந்து வயசு மட்டும் பாக்காம இதையும் பாக்கணும். அந்தியூர் ஆடிச் சந்தைல வாங்குனாலும் சரி, தெரிஞ்சவர் கிட்ட வாங்குனாலும் சரி, வீட்டுக்கு வந்த உடனே பழைய ஓனர் போட்ட அதே கடிவாளத்தை மாட்டி ஓட்டாதீங்க, பல் பாத்து முடியிற வரைக்கும் கழுத்துக் கயித்துலயும் மூக்குப்பட்டைலயும் பிடிச்சு கூடவே நடத்துங்க.

கடிவாளம் மாட்டும்போதே நாக்கு மேல போயிடுது

இது மாட்டுற முறைல இருக்குற கோளாறு. பல்லுல கம்பியை இடிச்சுத் திறக்க வைக்கிறது, அரைகுறையா திறந்ததும் அவசரமா மேல இழுக்குறது, இதுல குதிரை நாக்கைச் சுருட்டி உள்ள வச்சுக்கும், கம்பி அதுக்கு அடில போயிடும். கட்டைவிரலை உதட்டு மூலைல வச்சு, வாய் தானா திறந்து நாக்கு அசையிற வரைக்கும் காத்திருந்து மெதுவா ஏத்துங்க. மாட்டுன உடனே ரெண்டு பக்கமும் உதட்டை விலக்கி நாக்கு எங்க இருக்குன்னு பாத்துட்டுதான் ஏறணும், தினமும்.

வண்டிக்கும் சவாரிக்கும் ஒரே குதிரையை வச்சிருக்கவங்களுக்கு ஒண்ணு. பிட் வாய்ல இருக்கும்போதே புல்லைப் போட்டு நிக்க வைக்கிறது, அதுவும் மணிக்கணக்கா. முழுங்குறதுக்கு அது நாக்கால கம்பியைத் தள்ளித் தள்ளியே மேல போடக் கத்துக்கும். தீவனம் போடணும்னா பிட்டைக் கழட்டுங்க.

ஓட்டத்துல மட்டும், அதுவும் வேகம் எடுத்த பிறகு

குதிரை மூக்கால மட்டும்தான் மூச்சு விடும், வாயால முடியாது. வேகமா ஓடும்போது தலையை நெஞ்சோட சேர்த்து இழுத்துப் பிடிச்சா தொண்டை மடங்கும், நாக்கு பின்னாடி போயி காத்துப் பாதைல இருக்குற மெல்லண்ணத்தைத் தள்ளும், அப்ப மூச்சுக்குத் தவிச்சு நாக்கைத் தாறுமாறா அசைக்கும். கொர்ர்னு சத்தம் வருதா, திடீர்னு வேகம் விழுதா, இருமுதா? வந்தா அது டாக்டர் கேஸு, மூச்சுப்பாதையைச் சோதிக்கணும். சத்தம் எதுவும் இல்லன்னா தலையை விட்டு ஓட்டிப் பாருங்க, பல குதிரைக்கு அதுலயே நின்னுடும்.

காணும் பொங்கலுக்கு திருக்கடையூர் ரேக்ளா மாதிரி பந்தயத்துக்குப் பழக்குறவங்க நாக்கைக் கட்டுறதை சாதாரணமா எடுத்துக்குறாங்க. ரேஸ் கோர்ஸ்லயும் கட்டுறாங்களேன்னு கேக்கலாம். அங்க கட்டுறது சில நிமிஷத்துக்கு, முடிஞ்சதும் அவுக்குறதுக்கு ஆள் நிக்கும், அப்பவும் அதைப் பத்திக் கேள்வி இருந்துக்கிட்டேதான் இருக்கு. இங்க ட்வைன் நூலைக் கட்டி வண்டில பூட்டி, பந்தயம் ஆரம்பிக்க லேட்டாகி, வெயில்ல நின்னு, நாக்கு வீங்கி நீலமாகிப் பாத்திருக்கேன். வீங்குன நாக்குல நூலு புதைஞ்சு போயிருந்துச்சு, வெட்டி எடுக்கக் கத்தரி நுனி கூட உள்ள போகல. அதைப் பாத்த யாரும் மறுபடி கட்ட மாட்டாங்க.

கொள்ளிடம் மணல்ல ஓட்டுறவங்களுக்கும் சொல்லணும், ஆழ மணல்ல குதிரை சீக்கிரம் களைச்சுப் போயி வார்லயே தொங்க ஆரம்பிக்கும், அப்ப நாக்கு மேல போகும். ஈரம் இருக்குற கெட்டி மணல்ல ஓட்டுங்க, தூரத்தைக் குறைங்க.

ஒருத்தர் ஓட்டுனா போடுது, இன்னொருத்தர் ஓட்டுனா போடல

கைதான். பேலன்ஸுக்கு வாரைப் பிடிச்சுத் தொங்குற கை, இடது வலதுன்னு ரம்பம் போடுற கை, நிறுத்தும்போது ஒரே இழுப்பா இழுத்து விடாம வச்சிருக்குற கை. சேணம், அங்கவடி இல்லாம வெறும் மெத்தை போட்டு ஓட்டுற பசங்களுக்கு இது அதிகம், அவங்க மேல தப்பு இல்ல, பிடிக்க வேற எதுவும் இல்ல. குதிரைக் கழுத்தைச் சுத்தி ஒரு வார் கட்டி விடுங்க, தடுமாறுனா அதைப் பிடிக்கட்டும். இன்னும் நல்லது, உக்கார்ற பழக்கம் வர்ற வரைக்கும் கீழ ஒரு ஆள் நீளக் கயித்துல வட்டத்துல ஓட்ட, மேல இருக்கவர் வாரைத் தொடவே கூடாது.

நாக்கு கீழதான் இருக்கு, ஆனா ஒரு பக்கமா வெளிய தொங்குது

எந்தப் பக்கம்னு பாருங்க, எப்பவும் ஒரே பக்கம்னா ரெண்டு வாரும் ஒரே நீளமா, கன்ன வார் ரெண்டும் ஒரே ஓட்டைல இருக்கா, அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கப் பல்லு உரசுதான்னு பாருங்க. எந்த வலியும் இல்லாம லேசா நுனியை நீட்டிக்கிட்டு சந்தோஷமா ஓடுற குதிரையும் உண்டு, அதை விட்டுடலாம்.

எல்லாம் பாத்தாச்சு, சரி பண்ணியாச்சு, இன்னமும் போடுது

இப்பதான் இது பழக்கம். வலி போயிடுச்சுன்னு குதிரைக்கு இன்னும் நம்பிக்கை வரல, அதை வாயை அடைச்சு வர வைக்க முடியாது. சவாரியை நிறுத்துங்க. பிட்டை ஒரு ஓட்டை உசத்தி, வார் இல்லாத கடிவாளத்தை மாட்டி, கூடவே நின்னுக்கிட்டு அஞ்சு பத்து நிமிஷம், அவ்வளவுதான். மாட்டுன உடனே பட்டாணி அளவு வெல்லத்தை உதட்டு மூலைல வைங்க, அதைச் சப்பும்போது நாக்கு கம்பிக்கு அடில முன்னாடி வந்து வேலை செய்யும், தாடை தளரும், காது ரெண்டும் பக்கத்துக்கு விழும். அந்த நேரத்துலதான் கழட்டணும். நாக்கைத் தூக்க ஆரம்பிச்ச பிறகு கழட்டுனா தூக்குனா விடுதலைன்னு படிச்சுக்கும், அதனால நேரம் குறைவா வச்சு முந்திக்குங்க. இது பழகுனதும் நடத்துறது, அப்புறம் ஆள் ஏறி தளர்ந்த வார்ல நடை மட்டும், அப்புறம் ட்ராட். ஒரு படில நாக்கு மேல போனா அதுக்கு முந்தின படிக்குத் திரும்பிடுங்க. பழக்கம் எவ்வளவு பழசோ அவ்வளவு பொறுமை வேணும், சில வாரமும் ஆகும், சில மாசமும் ஆகும்.

நாக்கு மேல வராம தடுக்குறதுக்குன்னு தட்டையா நாக்கு மாதிரி தகடு வச்ச பிட் கிடைக்குது. வலி எதுவும் இல்லன்னு டாக்டர் உறுதியா சொன்ன பிறகு, பழக்கத்தை உடைக்க கொஞ்ச நாளைக்கு மட்டும் போடலாம், அதுவும் அண்ணம் தாழ்வான வாய்க்கு ஒத்துக்காது.

சில குதிரைக்கு எதுவுமே சரி வராது. நாக்குல பாதி அறுந்து ஆறுனது, ஈறு எலும்பு அடிபட்டுக் கட்டியானது, முள் கடிவாளத்துலயே வருஷக்கணக்கா ஓடுனது. அதுங்களுக்கு பிட் இல்லாத கடிவாளம்தான், மூக்குப்பட்டைல ரெண்டு பக்கமும் வார் வர்ற சாதாரண மாடல். ரெண்டு பக்கமும் நீள இரும்புக் கை வச்சு நெம்புகோலா அமுக்குற மாடலை பிட் இல்லங்கிறதுக்காக மென்மைன்னு நினைச்சு வாங்காதீங்க, அது மூக்கு எலும்பை நசுக்கும். பட்டை மூக்கு எலும்பு முடிஞ்சு குருத்தெலும்பு ஆரம்பிக்கிற இடத்துக்குக் கீழ இறங்கக் கூடாது, அங்க அழுத்துனா மூச்சு அடைக்கும், கன்ன எலும்போட முனைக்குக் கீழ ரெண்டு விரல் தள்ளி கட்டுனா சரியா இருக்கும். முதல்ல வேலி போட்ட களத்துலயோ கொல்லைலயோ நிறுத்தம், திருப்பம், பின்னாடி நகர்றது மூணும் சொன்னபடி கேக்குதான்னு பாருங்க, அப்புறம் ஆத்தங்கரை மண் பாதை, கூட பழகுன இன்னொரு குதிரையோட. கும்பகோணம் பைபாஸ், ஈசிஆர் பக்கம் பஸ் ஹாரனுக்கு நடுவுல நின்னு காட்டுற வரைக்கும் ரோட்டுல தனியா ஏத்த வேண்டாம், ரோட்டைக் கடக்கணும்னா இறங்கிக் கையில பிடிச்சுக்கிட்டு கடங்க.